விபத்து இழப்பீடு: பேசி முடிப்பதா, சட்டப் பிரிவு 164-ஆ, 166-ஆ, மக்கள் நீதிமன்றமா?

சாலை விபத்தில் ஒருவர் அடிபட்டால் முதல் வாரம் ஆஸ்பத்திரியிலேயே போய்விடும். இரண்டாம் வாரம் ஆலோசனை சொல்கிறவர்கள் வரத் தொடங்குவார்கள். ஸ்டேஷனிலேயே பேசி முடித்துவிடலாம் என்பார் ஒருவர். கேஸ் போட்டால் லட்சக்கணக்கில் வரும் என்பார் இன்னொருவர். கேஸ் எல்லாம் வருஷக்கணக்கில் இழுக்கும், மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள் என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் யாரோ ஒருவருக்குப் பொருந்தும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: காயம் உங்கள் பிழைப்பை எவ்வளவு பாதித்திருக்கிறது, தவறு யார் மீது, சம்பளமில்லாமல் வீடு எத்தனை மாதம் தாங்கும்.

இந்த வழிகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை மூடிக்கொள்ளும். அது தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். அதனால் தமிழ்நாட்டில் நடக்கும் மோட்டார் வாகன விபத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த வழி யாருக்கு என்று பார்ப்போம்.

முதலில் ஸ்டேஷன் பேச்சு. வண்டி ஓட்டியவர் பத்தாயிரமோ இருபதாயிரமோ கையில் கொடுத்து, இனி எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொள்வார். சிராய்ப்பு, வீக்கம், நாலு நாள் ஓய்வு என்ற அளவில் இருந்தால் இதில் தப்பில்லை. எலும்பு முறிந்திருந்தால் இந்தப் பக்கமே போகக் கூடாது. ஏனென்றால் பெரும்பாலான விபத்துகளில் கடைசியில் பணம் கொடுக்கப்போவது அந்த ஓட்டுநர் இல்லை, அவருடைய வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. ஓட்டுநரின் பாக்கெட்டில் என்ன இருக்கிறதோ அதற்கு ஏற்ப உங்கள் காலுக்கு விலை பேசுவது உங்களுக்கு நஷ்டம்.

இன்னொரு ஆபத்தும் இதே கட்டத்தில்தான் ஒளிந்திருக்கிறது. போலீஸ் விவகாரம் வேண்டாம் என்று நினைத்து, ஆஸ்பத்திரியில் கேட்கும்போது "பைக் ஸ்லிப் ஆகி நானே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுவார்கள். அது அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறும். ஏ.ஆர். காப்பி என்று சொல்வது இதைத்தான். பிறகு மனசு மாறி வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு முதலில் காட்டும் காகிதம் அந்த ஏ.ஆர். காப்பியாகத்தான் இருக்கும். எஃப்.ஐ.ஆர். சில நாள் தாமதமானதை நீதிமன்றங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, சிகிச்சைதான் முக்கியம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்களே சொன்ன முதல் வாக்குமூலத்தைத் துடைப்பது கஷ்டம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள் ஆகியவற்றைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

அவசரமாகக் கையெழுத்துப் போட வைப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரி பில்தான். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டத்தில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரம்புக்குள், பணமில்லாச் சிகிச்சை உண்டு. முதலில் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். இழப்பீட்டுப் பேச்சு கொஞ்சம் காத்திருக்கட்டும்.

164-ஆ, 166-ஆ

முக்கியமான தேர்வு இங்கேதான். இரண்டும் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவுகள். இரண்டும் போய்ச் சேரும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். நீதிமன்ற வளாகத்தில் எம்.சி.ஓ.பி. கேஸ் என்றால் எல்லோருக்கும் புரியும். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கும், மற்ற ஊர்களில் மாவட்ட அளவிலான நீதிமன்றங்களில் நடக்கும். விபத்து நடந்த ஊரிலேயே போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். உளுந்தூர்பேட்டை அருகே அடிபட்ட திருநெல்வேலிக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை.

பிரிவு 164-இல் தொகை நிர்ணயிக்கப்பட்டது: மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். எதிர்வண்டி ஓட்டியவர் தவறு செய்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டாம். வயது, வருமானம் எதுவும் கணக்கில் வராது.

பிரிவு 166-இல் உச்சவரம்பு கிடையாது. ஆனால் எதிர்த்தரப்பின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். உங்கள் மீதும் 30 சதவீதம் தவறு இருக்கிறது என்று தீர்ப்பாயம் கருதினால், தொகையிலும் 30 சதவீதம் போய்விடும்.

இந்த இடத்தில் பழைய அறிவுரை ஒன்று இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. "முதலில் தவறு பார்க்காத தொகையை வாங்கிக்கோ, அப்புறம் பெரிய கேஸ் போட்டு மிச்சத்தை வாங்கலாம்" என்பார்கள். முன்பு 140 என்று ஒரு பிரிவு இருந்தது, அதில் அப்படி இடைக்காலத் தொகை வாங்க முடிந்தது. 2019-இல் செய்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவு போய்விட்டது. இப்போது 164-இன் தொகையை முறைப்படி ஏற்றுக்கொண்டால், 166-இல் போட்ட மனு காலாவதியாகிவிடும் என்று சட்டமே சொல்கிறது. அதாவது 2.5 லட்சத்துக்குத் தலையாட்டினால் கதை அங்கேயே முடிந்தது.

சரி, யாருக்கு எது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

32 வயதுக் கொத்தனார் ஒருவர். மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழங்கால் முறிந்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகும் மடக்க முடியவில்லை. மெடிக்கல் போர்டு 30 சதவீத ஊனம் என்று சான்று தருகிறது.

தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் இதைக் கணக்கிட இரண்டு முறைகள் உண்டு. ஒன்று சதவீத முறை. ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் மூவாயிரம், நாலாயிரம், ஐயாயிரம் என்று ஒரு தொகை. நாலாயிரம் வீதம் பார்த்தால் 30-க்கு 1,20,000 ரூபாய். மற்றது பெருக்கல் முறை. ஆண்டு வருமானம் 1,80,000. நிரந்தர வேலை இல்லாத, 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. சேர்த்தால் 2,52,000. 31 முதல் 35 வயதுக்கான பெருக்கெண் 16, இது 2009-இல் வந்த தீர்ப்பின் அட்டவணை. பெருக்கினால் 40,32,000. அதில் 30 சதவீதம் 12,09,600 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, சத்துணவு, போக்குவரத்து, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு எல்லாம் இதற்கு மேல்.

ஒரே கால், ஒரே சான்றிதழ். ஒரு முறையில் ஒன்றேகால் லட்சத்தைத் தொடவில்லை, மறுமுறையில் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. எந்த முறை என்பதைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: இந்த ஊனம் இந்த மனிதரின் சம்பாதிக்கும் திறனைக் குறைத்ததா? 2011-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக விளக்கியது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு கிட்டத்தட்ட நூறு சதவீதம். அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலே இருக்கலாம். டாக்டர் எழுதும் சதவீதம் உடலுக்கானது. பிழைப்புக்கான சதவீதத்தைத் தீர்ப்பாயம்தான் தனியாக முடிவு செய்ய வேண்டும். நம் கொத்தனாரால் சாரம் ஏற முடியாது என்றால் 30-ஐ விட அதிகமாகவே கேட்க இடமிருக்கிறது. 2014-இல் கர்நாடகத்தைச் சேர்ந்த 24 வயதுக் காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், வலது கால் போனதை 85 சதவீதச் செயல் ஊனமாக, அதாவது பிழைப்புக்கான ஊனமாக, உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. வருமானத்துக்குக் காகிதம் எங்கே என்று காய்கறி விற்கிறவரிடம் கேட்க முடியாது என்பதையும் அது ஏற்று, மாதம் 6,500 ரூபாய் என்று தானே வைத்துக் கணக்கிட்டது. ஆனாலும் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை, வங்கிப் பாஸ்புக், மேஸ்திரியின் சாட்சியம் என்று கையில் இருப்பதைக் கொடுப்பது நல்லது.

இப்படிப்பட்டவர் 164-இல் 2.5 லட்சம் வாங்கிக்கொண்டு போனால் அது பெரிய இழப்பு.

இப்போது வேறொருவர். மணிக்கட்டு எலும்பு முறிந்தது, மாவுக்கட்டுப் போட்டார், இரண்டு மாதத்தில் பழையபடி கடைக்குப் போய்விட்டார். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான். 166-இல் போனால் இரண்டு மாத வருமானம், செலவு, வலிக்கு ஒரு தொகை என்று கூட்டினாலும் 2.5 லட்சத்தை எட்டுவது சந்தேகம். அதுவும் சில வருடம் கழித்து. இவருக்கு 164 தான் புத்திசாலித்தனம். தவறு பெரும்பாலும் தன் பக்கம் என்று உள்ளூரத் தெரிந்தவருக்கும் அதே பதில்: ராங் சைடில் வந்தவர், சிக்னலைத் தாண்டியவர், எதிர்வண்டி மீது குற்றமில்லை என்று போலீஸ் விசாரணையிலேயே தெரிந்துவிட்டவர். வயதான, சம்பாதிக்காத ஒருவர் இறந்த வழக்கிலும் 5 லட்சம் பல சமயம் 166-இல் கிடைப்பதற்குச் சமமாகவே இருக்கும்.

ஆனால் இல்லத்தரசியை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். "அவங்களுக்கு வருமானமே இல்லையே, 5 லட்சம் போதும்" என்று உறவினர்களே சொல்வார்கள். வீட்டு வேலைக்கும் பண மதிப்பு உண்டு, அதற்கும் எதிர்கால உயர்வு சேர்க்கலாம் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இளம் வயது என்றால் 166-இல் கணக்கு 5 லட்சத்தைத் தாராளமாகத் தாண்டும்.

ஆறு மாதம்

166 மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 முதல் கெடு வந்தது. இது அடிப்படை உரிமையைப் பாதிக்கிறது என்று வழக்குகள் நடக்கின்றன. அவை முடியும்வரை கெடு தாண்டியது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பி இருக்காதீர்கள், இடைக்காலம் இடைக்காலம்தான்.

ஆறு மாதத்துக்குள் ஊனம் எவ்வளவு என்று தெரியாதே என்பது நியாயமான கவலை. மனுவைப் போடுவது வேறு, தொகையை முடிவு செய்வது வேறு. சீக்கிரம் மனு போடுங்கள். எலும்பு கூடி, பிசியோதெரபி முடிந்து, டாக்டர் "இனி இவ்வளவுதான்" என்று சொன்ன பிறகு மெடிக்கல் போர்டு போகலாம். சாட்சிய நேரத்தில் அந்தச் சான்று வந்தால் போதும். அவசரமாகத் தொகை பேசுகிறவர்கள் இழப்பது இந்த இடைவெளியைத்தான்.

இன்சூரன்ஸ் கம்பெனியே பேச வந்தால்

விபத்துத் தகவல் கிடைத்ததும் கம்பெனி ஒரு அதிகாரியை நியமிக்க வேண்டும், அவர் முப்பது நாளுக்குள் தீர்ப்பாயத்தின் முன் ஒரு தொகை சொல்லலாம் என்கிறது பிரிவு 149. நீங்கள் ஒத்துக்கொண்டால் தீர்ப்பாயம் பதிவு செய்யும், அடுத்த முப்பது நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். மறுத்தால் வழக்கு விசாரணைக்குப் போகும், அதனால் உங்களுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. போலீசும் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்று 2022 விதிகள் சொல்கின்றன. உங்கள் ஊர் ஸ்டேஷன் அதே வேகத்தில் இயங்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன், விசாரித்துக்கொண்டே இருங்கள். மணிக்கட்டு வகைக் காயத்துக்கு இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்தும். முழங்கால் வகைக்கு, கட்டே பிரிக்காத நிலையில் முப்பதாம் நாள் சொல்லும் தொகை எப்படிச் சரியாக இருக்க முடியும்?

மக்கள் நீதிமன்றம்

லோக் அதாலத் என்றும் சொல்லும் இந்தச் சமரச அமர்வு தனி வழி இல்லை. 166-இல் போய்க்கொண்டே நடுவில் இறங்கக்கூடிய ஒரு நிறுத்தம். கட்டணம் கிடையாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் தீர்வு, இல்லாவிட்டால் வழக்குக் கட்டு திரும்ப நீதிமன்றத்துக்கே போய்விடும். அதனால் போய் உட்கார்ந்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதில் நஷ்டமே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டால் மட்டும் அது இறுதி, மேல்முறையீடு கிடையாது.

எனவே எப்போது போவது என்பதே கேள்வி. ஊனச் சான்று கைக்கு வந்த பிறகு போகிறவர் ஒரு கணக்கோடு போகிறார். அதற்கு முன் போகிறவர் எதிர்த்தரப்பு சொல்லும் எண்ணைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். தீர்ப்பு வரை போனால் மனுத் தேதியிலிருந்து வட்டி சேரும், தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம். தீர்ப்பு வந்த பிறகும் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் கம்பெனி மேல்முறையீடு செய்யலாம், அது இன்னும் சில வருடங்களைத் தின்னும். என் கணிப்பில், பெருக்கல் முறைப்படி உங்கள் வக்கீல் போட்ட கணக்கில் முக்கால் பங்குக்கு மேல் மக்கள் நீதிமன்றத்தில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். பாதிக்குக் கீழே என்றால் எழுந்து வந்துவிடலாம். நடுவில் இருந்தால் வீட்டு நிலைமைதான் பதில் சொல்லும். எத்தனை நாளில் பணம் வரும், தவறினால் என்ன வட்டி என்பதையும் அந்த உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இடித்தது அரசு பஸ் என்றால் மக்கள் நீதிமன்றத்துக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. போக்குவரத்துக் கழகங்கள் இன்சூரன்ஸ் எடுப்பதில்லை, சொந்த நிதியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் வராமல், நிறைவேற்று மனு போட்டு, கடைசியில் அமீனா வந்து பஸ்ஸை ஜப்தி செய்த செய்தியைப் படிக்காத தமிழர் இருக்க மாட்டார்.

மற்ற சில சூழ்நிலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை நேரத்தில் வண்டி ஓட்டும்போது அடிபட்ட லாரி ஓட்டுநர், கிளீனர் போன்றவர்கள் தொழிலாளர் இழப்பீட்டு வழியிலும் கேட்கலாம். அங்கே தவறு யாருடையது என்ற கேள்வி எழாது. ஆனால் அதுவும் வேண்டும், மோட்டார் வாகனச் சட்டமும் வேண்டும் என்று கேட்க முடியாது, ஒன்றுதான். தானே சறுக்கி விழுந்த வண்டி உரிமையாளர் யாரிடம் இழப்பீடு கேட்பார்? அவருக்கு இருப்பது பாலிசியில் உள்ள 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. முழுத்தொகை மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் மட்டும். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த நண்பருக்கு, பைக்கில் வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால், அந்தக் கம்பெனி பொறுப்பாகாது. வேறு வண்டி மோதியிருந்தால் அந்த வண்டியின் கம்பெனியைக் கேட்கலாம்.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால் தீர்ப்பாயத்துக்கு முன் வேறு வாசல் இருக்கிறது. அடையாளம் தெரியாத வண்டிக்காக அரசுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. வருவாய்த் துறை அதிகாரி விசாரிப்பார், மாவட்ட ஆட்சியர் மட்டத்தில் உத்தரவு வரும். பின்னாளில் சிசிடிவி மூலம் வண்டி சிக்கி, பெரிய இழப்பீடு கிடைத்தால் இந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். எனவே இதை வாங்கியதால் 166 மூடிப்போகும் என்று பயப்பட வேண்டாம்.

கடைசியாக வக்கீல் ஃபீஸ். "ஜெயித்தால் இத்தனை சதவீதம்" என்று பேசுவது ஊரெங்கும் வழக்கமாகிவிட்டது. வழக்கின் முடிவைப் பொறுத்தோ, கிடைக்கும் தொகையில் பங்காகவோ ஃபீஸ் பேசக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. ஒரு தொகையைப் பேசி, தவணையாகக் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி வகுப்பினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்குள் உள்ளவர்கள் ஆகியோருக்கு நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவே வக்கீல் தரும், தொலைபேசி எண் 15100. இழப்பீடு இப்போது நேரடியாக மனுதாரரின் வங்கிக் கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வந்து வெற்று வக்காலத்தில் கையெழுத்து, கூடவே எழுதாத காசோலை ஒன்று என்று கேட்கிறவர் யாராக இருந்தாலும், இரண்டையும் கொடுக்காதீர்கள்.